முறுக்குக்கு பிஸ்கட் டின்னா, பிளாஸ்டிக் பாலாங்கா?

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு தங்கை கேட்டது:

"தீபாவளிக்கு முறுக்கு சுட்டாச்சு. பிஸ்கட் டின்னில்தான் போடணும், பிளாஸ்டிக்கில் வைத்தால் நமுத்துப் போகும் என்கிறார் அம்மா. மாமியார் வீட்டில் காலங்காலமாகச் சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் ஜாடி, அந்தப் பாலாங்தான். யார் சொல்வது சரி? அப்படியே இன்னொன்று. சமையலறையில் இருக்கும் பிளாஸ்டிக்கை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு எவர்சில்வருக்கு மாறிவிடலாமா?"

19 அக்டோபர் 2024

அம்மாவும் சரி, மாமியாரும் சரி. (வம்பில் மாட்டாமல் இருக்க வேறு வழி இல்லை.)

முறுக்கு நமுக்க ஈரக்காற்று உள்ளே போக வேண்டும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. டின் தகரத்தை ஊடுருவி ஈரம் போகவே போகாது. பாலாங் பெட் (PET) என்ற வகைப் பிளாஸ்டிக். அதில் கொஞ்சம் ஊடுருவும். ஆனால் அந்த ஈரம் ஊறி உள்ளே வருவதற்குள் வீட்டுப் பிள்ளைகள் முறுக்கைத் தீர்த்துவிடுவார்கள். ஆகவே சுவரைப் பற்றிச் சண்டை போட்டுப் பயனில்லை. மூடியைப் பாருங்கள்.

டின்னுக்குள் கைப்பேசி டார்ச்சை எரியவிட்டு வைத்து மூடுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு டின்னைச் சுற்றிப் பாருங்கள். விளிம்பில் எங்கே வெளிச்சக் கீற்று தெரிகிறதோ அங்கேதான் காற்று போகிறது. பழைய டின்களில் ஒரு மூலையாவது நசுங்கியிருக்கும். அங்கே செலோடேப் ஒரு சுற்று போதும்.

பாலாங்குக்குக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, மூடி, சிங்கில் தலைகீழாகப் பிடித்தால் தெரிந்துவிடும். ஒழுகினால் முறுக்குக்கு ஆகாது. அதில் வெங்காயம் போட்டு வையுங்கள்.

எதில் போட்டாலும் நன்றாக ஆறவிட்டுப் போடுங்கள். சூட்டோடு மூடினால் ஈரத்தை நீங்களே உள்ளே வைத்துப் பூட்டுகிறீர்கள்.

19 அக்டோபர், இரவு

"நீங்கள் யார், பிளாஸ்டிக் கம்பெனி ஆளா?" என்று ஒருவர். ஆமாம் ஐயா. பினாங்கில், பிறை என்ற ஊரில் மோல்டிங் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவன். வாளி, கூடை, டப்பா, மூடி என்று பல வருடம் அச்சிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறேன். அதனால்தான் மூடியைப் பற்றிப் பேசுகிறேன். டப்பாவை அச்சடிப்பது லேசு. மூடி சரியாக உட்கார வைப்பதுதான் பாடு. ஆறும்போது டப்பா ஒரு அளவு சுருங்கும், மூடி வேறு அளவு சுருங்கும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். மலிவுச் சரக்கில் அந்தப் பொறுமை யாருக்கும் இருக்காது.

21 அக்டோபர்

டின்னுக்கு ஒரு பலம் உண்டு, அன்றைக்குச் சொல்லவில்லை. வெளிச்சம் உள்ளே போகாது. எண்ணெய்ப் பலகாரம் சிக்கு வாடை அடிப்பதற்கு வெளிச்சமும் ஒரு காரணம். ஒளி ஊடுருவும் பாலாங்கை ஜன்னல் பக்கம் அடுக்கி வைத்து அழகு பார்த்தால், முறுக்கு மொறுமொறுவென்றே இருக்கும், வாயில் போட்டால் பழைய எண்ணெய் நாறும். அலமாரிக்குள் வையுங்கள், தீர்ந்தது.

மூடியின் கீழ் பிளாஸ்டிக் தாள் ஒன்று விரித்து மூடலாமா என்று கேட்ட ஆயர் ஈத்தாம் அக்காவுக்கு: தாராளமாக. அதுவே சின்ன வாஷர்தான்.

22 அக்டோபர்

சரி, இரண்டாவது கேள்வி. பிளாஸ்டிக்கை எல்லாம் தூக்கிப் போடலாமா?

எந்தப் பிளாஸ்டிக் என்று முதலில் பாருங்கள். அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 1 என்றால் பெட்: தண்ணீர் போத்தல், பாலாங். 2 கெட்டிப் பாலிஎத்திலீன்: ஷாம்பு போத்தல், பால் கேன். 3 பிவிசி: பைப். 4 மென்மையான பாலிஎத்திலீன், பை வகை. 5 பாலிபுரொப்பிலீன், நாங்கள் பிபி என்போம்: சாப்பாட்டு டப்பா பெரும்பாலும் இதுதான். 6 பாலிஸ்டைரீன், வெள்ளை நுரைப்பெட்டி உட்பட. 7 என்றால் மற்றவை எல்லாம். ஒரே வீட்டில் இந்த ஏழும் இருக்கும். ஏழையும் ஒரே பெயரில் திட்டுவது நியாயம் இல்லை.

பெட் போத்தலில் சுடுதண்ணீர் ஊற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இடுப்பு ஒடுங்கிக் கூனிக்கொள்ளும். 70 டிகிரியைத் தாண்டினாலே அது இளக ஆரம்பித்துவிடும். பிபி உருக 160 டிகிரி போல வேண்டும். சுடுசோறு, குழம்பு எல்லாம் தாங்கும். ஒட்டுக்கடையில் சுடச்சுட சூப்பை ஊற்றிக் கட்டிக் கொடுப்பதற்கும் பிபி பை விற்கிறார்கள். ஆனால் எல்லாக் கடைக்காரரும் அதைத்தான் வாங்குகிறார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். சுடு சூப்புக்கு நான் அடுக்குச் சட்டி எடுத்துப் போகிறவன்.

எண் 7-இல் பாலிகார்பனேட் வரும். கண்ணாடி மாதிரி இருக்கும், கீழே போட்டால் உடையாது. அது பிஸ்பினால் ஏ என்ற வேதிப்பொருள் சேர்த்துச் செய்வது. பிள்ளைகளின் பால் போத்தலுக்கு மலேசியாவில் 2012 மார்ச்சிலிருந்து அதற்குத் தடை. பழைய போத்தலைப் பத்திரமாக எடுத்து வைத்துப் பேரப்பிள்ளைக்குக் கொடுக்கும் பாட்டிமார் கவனிக்கவும்.

மெலமைன் தட்டு தனிச் சாதி. வாழையிலை மாதிரியே பச்சையாகச் செய்து விற்கிறார்களே, அதுதான். சூட்டில் உருகாது, அதனால் அது எதையும் தாங்கும் என்று நினைத்துவிடுகிறோம். மைக்ரோவேவில் வைக்கக் கூடாது. கொதிக்கும் புளிக்குழம்பை ஊற்றி வைப்பதற்கும் சரிப்படாது. சூடும் புளிப்பும் சேர்ந்தால் அதிலிருந்து பார்மால்டிஹைட் கசியும். ஆறிய சோறு, பலகாரம், பழம் என்றால் தாராளம்.

22 அக்டோபர், இன்னும் கொஞ்சம்

அடியில் எண்ணே இல்லாத டப்பா? பாசார் மாலாமில், இரவுச் சந்தையில் வாங்கியதா? கிளிப், ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள்.

25 அக்டோபர்

மஞ்சள் கறை. இதைப் பற்றி இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. எலுமிச்சை, பேக்கிங் சோடா, பல்பசை... ஒருவர் மண்ணெண்ணெய் என்கிறார். அண்ணே, அது சாப்பாட்டு டப்பா.

மஞ்சளுக்கு நிறம் கொடுக்கும் குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். பிபி பிளாஸ்டிக்கும் எண்ணெய்ப் பக்கம் சாயும் சாதிதான். கறி எண்ணெய் மெல்ல பிளாஸ்டிக்குக்குள் போகும், குர்குமினும் கூடவே போகும். மைக்ரோவேவில் சூடாக்கினால் இன்னும் ஆழமாகப் போகும். மேலே தேய்ப்பதால் உள்ளே போனது வராது.

ஆனால் குர்குமினுக்கு வெளிச்சம் ஆகாது. எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவிவிட்டு, துணி காயும் கொடிப் பக்கம் வெயிலில் கவிழ்த்து வையுங்கள். நல்ல வெயிலாக இருந்தால் சாயங்காலமே வித்தியாசம் தெரியும். இரண்டு மூன்று வெயில் கண்டால் பெரும்பாலும் போய்விடும். அதற்காக டப்பாவை வெயிலிலேயே விட்டுவிடாதீர்கள். வெயில் கறையையும் தின்னும், பிளாஸ்டிக்கையும் தின்னும்.

எவர்சில்வருக்கு இந்தத் தொல்லையே இல்லை. வாடையும் பிடிக்காது. நெத்திலி சம்பல் வைத்த எவர்சில்வர் டப்பாவில் மறுநாள் கேசரி வைக்கலாம். பிளாஸ்டிக்கில் வைத்தால் கேசரியில் நெத்திலி நீந்தும்.

பிளாஸ்டிக் டப்பா மூடியின் உள்விளிம்பில் ஒரு பள்ளம் ஓடும், பார்த்திருப்பீர்கள். சிலிகான் வளையம் உட்காரும் இடம். வாடை போகவில்லை என்று டப்பாவை இந்தப் பாடு படுத்துகிறீர்களே, ஒரு பல்குத்தும் குச்சியால் அந்த வளையத்தை நெம்பி எடுத்துப் பாருங்கள். கறுப்பாக, வழவழவென்று ஒரு கோடு இருக்கும். வாடையில் பாதி அங்கேதான். கழுவி, வளையத்தைத் தனியாகக் காயவைத்துப் போடுங்கள். பிளாஸ்டிக்கில் தண்ணீர் பரவாமல் முத்து முத்தாக நிற்கும், சூடும் தேங்காது, அதனால் சீக்கிரம் காயாது. எவர்சில்வர் தட்டு காய்ந்து அலமாரிக்குப் போன பிறகும் டப்பா மூடி சொட்டிக்கொண்டே இருப்பது அதனால்தான்.

2 நவம்பர்

தீபாவளி வாழ்த்துகள், தாமதமாக. செந்தூல் தங்கை எழுதியிருக்கிறார்: டின்னிலும் போட்டாராம், பாலாங்கிலும் போட்டாராம், இரண்டும் மொறுமொறுப்பு, இப்போது அம்மாவும் மாமியாரும் உப்பு கூடிவிட்டது என்பதில் ஒற்றுமையாகிவிட்டார்களாம்.

3 நவம்பர்

வாளியைப் பற்றி ஒருவர் கேட்டார்: "தடித்த வாளிதான், எடுத்துத் தூக்கினால் காது பிய்ந்துகொண்டு வருகிறதே, ஏன்?" இது என் தொழில், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

2024 ஜனவரியில் பினாங்கில் தண்ணீர் நின்றது நினைவிருக்கும். சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றுவதற்காக நான்கு நாள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். கடைகளில் தோங் (பீப்பாய்), வாளி எல்லாம் பறந்தன. எங்கள் ஃபிளாட்டில் தண்ணீர் தூக்கியபோது அடி உடைந்த வாளி ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. உடைந்ததெல்லாம் காதில், கம்பிக் கைப்பிடி நுழையும் ஓட்டைப் பக்கத்தில்.

அச்சுக்குள் உருகிய பிளாஸ்டிக் பாயும்போது ஓட்டை வரவேண்டிய இடத்தில் ஓர் ஊசி நிற்கும். பிளாஸ்டிக் இரண்டாகப் பிரிந்து, ஊசியைச் சுற்றிப்போய், மறுபக்கம் மறுபடி சேரும். சேரும் நேரத்தில் முனை கொஞ்சம் ஆறியிருக்கும். கல்லில் இரண்டு தோசை ஓரம் தொட்டுக்கொண்டால் ஒட்டிக்கொள்ளும், எடுத்தால் அந்த இடத்தில்தானே கிழியும்? அதே கதை. வாளியின் காதைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள், ஓட்டையிலிருந்து விளிம்பு வரை மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரியும். அதுதான் அந்த ஒட்டு. 10 லிட்டர் தண்ணீர் 10 கிலோ. அந்தக் கனத்தை மெல்லிய கம்பி அந்தக் கோட்டுப் பக்கத்தில் நிறுத்துகிறது. ஆறு மாதம் வெயிலில் கிடந்த வாளி என்றால் கேட்கவே வேண்டாம்.

வாங்கும்போது காதைப் பாருங்கள். ஓட்டையைச் சுற்றி மேடாக ஒரு வளையம் இருந்தால் நல்லது. அடித் தடிப்பைத் தட்டிப் பார்த்து வாங்குவது சும்மா திருப்திக்கு.

3 நவம்பர், மறுபடி

இதை எழுதிய பிறகு தோன்றியது. முறுக்கு டின்னில் மூடி, சாப்பாட்டு டப்பாவில் வளையம், வாளியில் காது. பிளாஸ்டிக்கா உலோகமா என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்கிறோம், சாமான் கெடுவதெல்லாம் ஒன்றோடு இன்னொன்று சேரும் இடத்தில். இதை வைத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்று சுற்றி வந்தேன். வீட்டில், "என்ன, திருட்டுப் போன சாமானைத் தேடுகிறீர்களா?" என்று கேட்டாள்.

9 நவம்பர்

இரும்பு வாளிதான் வேண்டும் என்கிறவர்களுக்கு: வாங்குங்கள், துத்தநாகம் பூசியதாக. ஜிங்க் கூரை என்கிறோமே, அதே பூச்சு. இதில் கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காக்கும்.

பிஸ்கட் டின் நேர் எதிர். அது இரும்புத் தகட்டில் மெல்லிய வெள்ளீயப் பூச்சு. பூச்சு முழுசாக இருக்கும்வரை நல்ல காவல். கீறல் விழுந்துவிட்டால் ஈயம் கரையாது, இரும்புதான் முதலில் கரையும், அதுவும் வேகமாக. மூடி உரசும் விளிம்பில்தான் கீறல் விழும், துரு அங்கேதான் ஆரம்பிக்கும். மறுபடியும் மூடி!

ஈயம் என்றதும் டத்தோ கிராமாட் சாலையில் இருந்த ஈயம் உருக்கும் ஆலை நினைவு வரும் வயது எனக்கு. கிந்தா பள்ளத்தாக்கில் தோண்டிய ஈயம் நிறைய ஒரு காலத்தில் பினாங்கில் உருகியது. இத்தனை ஈயம் இருந்த ஊரில் ரசம் வைக்க ஈயச் சொம்பு தேடினால் கிடைக்காது, தமிழ்நாட்டிலிருந்து வர வேண்டும். வைத்திருப்பவர்கள் ஒன்று கவனியுங்கள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். ரசம் இருக்கும்வரை 100 டிகிரியைத் தாண்டாது, சொம்பு தப்பிக்கும். ரசம் வற்றிப் போனால் சொம்பும் போயிற்று. வாங்கும்போது காரீயக் கலப்பு இல்லை என்று சொல்லக்கூடிய கடையாகப் பார்த்து வாங்குங்கள். அந்த உத்தரவாதம் கிடைக்காவிட்டால் எவர்சில்வரிலேயே ரசம் வையுங்கள்.

17 நவம்பர்

எவர்சில்வர் என்ற பெயரில் விற்பதெல்லாம் ஒன்றில்லை. நல்ல சமையல் பாத்திரம் 304 ரகம்: 18 விழுக்காடு குரோமியம், 8 விழுக்காடு நிக்கல். குரோமியம் காற்றோடு சேர்ந்து மேலே கண்ணுக்குத் தெரியாத படலம் போடும். கீறினாலும் படலம் தானே மறுபடி வளரும். துரு பிடிக்காததன் ரகசியம் அதுதான். உப்பு மட்டும் அந்தப் படலத்தை ஓட்டை போடும். பச்சைத் தண்ணீரில் உப்பைக் கொட்டி அப்படியே விட்டால் அடியில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளிகள் விழும். தண்ணீர் கொதித்த பிறகு உப்புப் போட்டுக் கிளறிவிடுங்கள்.

"காந்தம் ஒட்டினால் மட்டமான சாமான்" என்று ஒருவர் எழுதியிருந்தார். பாதி சரி. நிக்கல் இல்லாத 430 ரகத்தில் ஒட்டும், 304-இல் பெரும்பாலும் ஒட்டாது. ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த 201 ரகத்திலும் ஒட்டாது, அது 304-ஐவிடச் சீக்கிரம் துரு காட்டும். இண்டக்‌ஷன் அடுப்புக்காக வேண்டுமென்றே காந்தம் ஒட்டும் அடி வைத்த நல்ல பாத்திரங்களும் உண்டு. லிட்டில் இந்தியா கடையில் காந்தத்தோடு போய் நின்றால் கடைக்காரர் உங்களைப் பார்க்கும் பார்வைக்கு நான் பொறுப்பில்லை.

18 நவம்பர்

பால் அடிப்பிடிக்கிறது என்ற புகாருக்கு: எவர்சில்வர் சூட்டைக் கடத்துவதில் படு சோம்பேறி. அலுமினியம் கடத்துவதில் 15-இல் ஒரு பங்குதான். தீ படும் இடம் கொதிக்கும், பக்கத்து இடம் சும்மா இருக்கும். அதனால்தான் நல்ல பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தகட்டை நடுவில் வைத்து ஒட்டுகிறார்கள். அடி கனமில்லாத எவர்சில்வர் குண்டானில் பால் காய்ச்சுவதென்றால் பக்கத்திலேயே நின்று கிளறுங்கள்.

அலுமினியச் சட்டியில் புளி வேண்டாம். கரையும், ருசியும் கெடும். மேலே கெட்டிப் படலம் ஏற்றிய அலுமினியம் என்றால் பரவாயில்லை.

1 டிசம்பர்

குக்கர் கைப்பிடி ஆடுகிறது, திருகினாலும் மறுபடி லூசாகிறது. எல்லார் வீட்டிலும் இதே பாட்டு.

கைப்பிடி பேக்கலைட். 1907-இல் லியோ பேக்லண்ட் உண்டாக்கியது, முழுக்க முழுக்க வேதிப்பொருளில் செய்த முதல் பிளாஸ்டிக். சூட்டில் உருகாது, அளவு மீறினால் கருகும். குக்கர் உள்ளே 120 டிகிரி வரை போய், பிறகு ஆறுகிறது. ஒவ்வொரு தடவையும் உலோகமும் பிளாஸ்டிக்கும் வேறு வேறு அளவில் விரிந்து சுருங்கும். பேக்கலைட் பரவாயில்லை, பிபி வகையெல்லாம் மோசம். 1 மீட்டர் நீளத்தை 50 டிகிரி சூடேற்றினால் எவர்சில்வர் 1 மில்லிமீட்டருக்கும் குறைவாக நீளும், பிபி 5 மில்லிமீட்டருக்கு மேல். இரண்டையும் ஒரே திருகாணியில் கட்டிப்போட்டால் திருகாணி என்ன செய்யும்? தளரும். குக்கர் ஆறிய பிறகு அவ்வப்போது முடுக்குங்கள், வெறி கொண்டு முடுக்காதீர்கள், பேக்கலைட் வெடிப்பு விடும். வெடித்த கைப்பிடியைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். கொதிக்கும் குக்கரைத் தூக்கும்போது அது கழன்றால் கால்தான் போகும்.

மூடி வளையம் கெட்டியாகி, வளைத்தால் வெடிப்பு தெரிந்தால், மாற்றுங்கள்.

1 டிசம்பர், பின்குறிப்பு

இது சம்பந்தமில்லாத மாதிரி இருக்கும், ஆனால் முக்கியம். சமைக்காத நேரத்தில் வீட்டில் மீன் வாடை வந்தால் பிளக், சுவிட்சு எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்காமல் மெயினை அணைத்துவிட்டுப் பாருங்கள். அவற்றில் போடும் ஒருவகைப் பிளாஸ்டிக் சூடேறினால் மீன் மாதிரிதான் நாறும். உள்ளே கம்பி லூசாக இருக்கும்.

8 டிசம்பர்

பிளக் என்றதும் கேத்தலுக்கு வந்துவிட்டீர்கள். எவர்சில்வர் கேத்தலா, பிளாஸ்டிக் கேத்தலா?

கொதிதண்ணீர் தொடும் இடம் உலோகமாக இருப்பது எனக்குப் பிடிக்கும், வாடை இல்லை. மூடியின் உள்பக்கமும் தண்ணீர் அளவு காட்டும் ஜன்னலும் பிளாஸ்டிக்காக இருந்தால், "முழு எவர்சில்வர்" என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். ஆனால் உலோக உடம்பு என்றால் எர்த் கட்டாயம். உள்ளே கம்பி கசிந்தால் 230 வோல்ட் உடம்புக்கு வரும், மூன்றாவது முள்தான் அதைப் பத்திரமாக வெளியேற்றும். நம் வீடுகளில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. இரண்டு முள் பிளக்கை வைத்துக்கொண்டு, பேனா மூடியால் மேல் ஓட்டையைக் குத்தித் திறந்து சொருகுவது. கைப்பேசி சார்ஜருக்கே தப்பு. உலோக கேத்தலுக்குச் செய்தால் அது தற்கொலை முயற்சி. இதில் ஜோக் எதுவும் இல்லை.

22 டிசம்பர்

"எவர்சில்வர் சட்டியில் மீன் குழம்பு வைத்து அலுமினியத் தாளால் மூடி பிரிட்ஜில் வைத்தேன். காலையில் தாளில் பொத்தல் பொத்தலாக ஓட்டை. எலியா?"

பிரிட்ஜுக்குள் எலி வந்தால் அது வேறு பிரச்சினை. இது மின்கலம். இரண்டு வேறு உலோகம், நடுவே உப்பும் புளியும் சேர்ந்த குழம்பு, தாள் விளிம்பில் சட்டியைத் தொடுகிறது: மின்சாரம் ஓட எல்லாம் தயார். இதில் அலுமினியம்தான் கரையும். குழம்பு தொட்ட இடத்திலெல்லாம் பொத்தல், சாம்பல் நிறப் புள்ளி. அந்த இடத்துக் குழம்பைக் கரண்டியால் எடுத்துக் கொட்டிவிடுங்கள், போதும். இனிமேல் தட்டைப் போட்டு மூடுங்கள். பிளாஸ்டிக் சட்டியில் இருந்திருந்தால் இரண்டாவது உலோகமே கிடையாது, தாள் இவ்வளவு சேதப்பட்டிருக்காது. பிளாஸ்டிக்குக்கு ஒரு மதிப்பெண்!

5 ஜனவரி 2025

தஞ்சோங் தோக்கோங் பக்கம் கடலைப் பார்த்த மாடியில் இருப்பவர் எழுதியிருக்கிறார்: அலுமினிய ஜன்னலில் திருகாணியைச் சுற்றி வெள்ளைப் பொடி. மீன் குழம்புக் கதையேதான், குழம்புக்குப் பதில் உப்புக்காற்று. திருகாணியின் கீழ் பிளாஸ்டிக் வாஷர் ஒன்று போட்டு இரண்டு உலோகத்தையும் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். கடற்கரை வீட்டுக்கு 316 ரகத் திருகாணி கேளுங்கள், அதில் மாலிப்டினம் சேர்த்திருப்பார்கள், உப்பைக் கூடுதலாகத் தாங்கும்.

துணி கிளிப்பும் கேட்டார். பிளாஸ்டிக் கிளிப்பில் இரும்புச் சுருள். வெயில் பிளாஸ்டிக்கைத் தின்னும், உப்புக்காற்று சுருளைத் தின்னும், எது முந்துகிறது என்பதுதான் பந்தயம். எங்கள் ஆயர் ஈத்தாமில் பிளாஸ்டிக் முந்தும். உங்கள் பக்கம் சுருள், கூடவே வெள்ளைச் சட்டையில் துருக்கறை. முழுக்க எவர்சில்வர் கம்பியில் செய்த கிளிப் கிடைக்கிறது. வாங்குங்கள், சில செலவு உண்மையிலேயே மிச்சம்.

12 பிப்ரவரி

நேற்று தைப்பூசம். பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலில் கால் வைக்க இடமில்லை. தண்ணீர்ப் பந்தல்களில் பிளாஸ்டிக் கோப்பை மலையாகக் குவிவதைப் பற்றி இரண்டு பேர் கோபமாக எழுதியிருக்கிறார்கள், எவர்சில்வர் டம்ளர் வைக்கலாமே என்று. கோபம் நியாயம். பிளாஸ்டிக் பைக்கு 2011-லேயே நாள்தோறும் 20 காசு வாங்க ஆரம்பித்த மாநிலம் இது. ஆனால் டம்ளரைக் கழுவத் தண்ணீர், சோப்பு, ஆள் மூன்றும் வேண்டும். எங்கள் பந்தலில் முயன்று பார்த்தோம், குடிக்க வந்தவர்கள் ஆயிரம், கழுவ வந்தவர்கள் என் மைத்துனர் ஒருவர். அவர் இப்போது பந்தல் பக்கமே வருவதில்லை.

அதனால் என் கட்சி இது: ஆள் இருந்தால் டம்ளர், இல்லையென்றால் அவரவர் போத்தலைக் கொண்டு வந்து பிடித்துக்கொள்வது.

பால்குடம் எதில் நல்லது என்று கேட்ட தம்பிக்கு: எவர்சில்வர். பித்தளை பார்க்க லட்சணம்தான், ஆனால் ஈயம் பூசாத பித்தளையில் பால் மணிக்கணக்கில் வெயிலில் நின்று புளித்தால் செம்பு கரையும். அபிஷேகம் ஆன பாலை யாராவது பிரசாதமாகக் குடிப்பார்கள் இல்லையா? பூசிக் கொடுக்கும் ஆளும் இப்போது கிடைப்பதில்லை.

13 பிப்ரவரி

"சூராட் காபார் லாமா" என்று கூவிப் பழைய பேப்பர் வாங்கும் லாரிக்காரர் அலுமினிய டின்னுக்குக் காசு கொடுக்கிறார், பிளாஸ்டிக்கைப் பார்த்தால் முகத்தைத் திருப்புகிறார், ஏன் என்று ஒரு மாணவர். அலுமினியத்தை உருக்கினால் மறுபடி அதே தரத்தில் அலுமினியம். தாதிலிருந்து எடுப்பதைவிட 95 விழுக்காடு எரிசக்தி மிச்சம். பிளாஸ்டிக்கில் அந்த ஏழு எண்ணும் கலந்து வரும், பிரிக்க வேண்டும், கழுவ வேண்டும், ஒவ்வொரு தடவை உருக்கும்போதும் பலம் குறையும். எங்கள் ஆலையிலேயே உடைத்து அரைத்த பழைய பிளாஸ்டிக்கைப் புதுசோடு கலந்துதான் போடுவோம். நிறம் கலங்கிவிடும் என்பதால் கடைசியில் கறுப்புச் சாயம். பூச்சட்டி, குப்பைக் கூடை எல்லாம் ஏன் கறுப்பு என்று இப்போது தெரிகிறதா?

9 மார்ச்

குழாய்க் கேள்வி. பழைய ஃபிளாட், சுவருக்குள் இரும்பு பைப், காலையில் முதல் தண்ணீர் பழுப்பாக வருகிறது. பித்தளைக் குழாயைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக் குழாய் போட்டால் சரியாகுமா?

ஆகாது. பழுப்பு பைப்பிலிருந்து வருகிறது. உள்ளே துத்தநாகம் கரைந்து போய் இரும்பு துருவாகிறது. பைப்பை மாற்றினால்தான் தீரும், அதற்குப் பிவிசி அல்லது பாலிஎத்திலீன் நல்லதுதான், துருவே கிடையாது. அதுவரை காலையில் முதல் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள்.

குழாய் மாற்றுவதென்றால் மரையைக் கவனியுங்கள். பிளாஸ்டிக் குழாயின் வெளிமரையை இரும்பு பைப்பின் உள்மரையில் திருகலாம், இரும்பு சுற்றிலும் பிடித்துக்கொள்ளும். நேர்மாறாக, பித்தளைக் குழாயை பிளாஸ்டிக் உள்மரைக்குள் முடுக்கினால் ஆப்பு வைத்த மாதிரி விரிந்து வெடிக்கும். அன்றைக்கே வெடிக்காது, நீங்கள் சொந்த ஊருக்குப் போயிருக்கும் நாளாகப் பார்த்து வெடிக்கும். பித்தளை வளையம் பதித்த பிளாஸ்டிக் மூட்டு கடையில் கிடைக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

வெள்ளை டேப்பை மரை திருகும் திசையிலேயே சுற்றுங்கள், எதிர்த் திசையில் சுற்றினால் முடுக்கும்போது உரிந்து வந்துவிடும். கையால் முடுக்கி, பிறகு ஸ்பேனரால் கொஞ்சம், அவ்வளவுதான். தண்ணீரைத் திறந்துவிட்டு அந்த மூட்டைச் சுற்றிக் காய்ந்த டிஷ்யூவால் ஒற்றிப் பாருங்கள். நனைந்தால் கழற்றி டேப்பை இன்னும் இரண்டு சுற்று கூட்டுங்கள், ஸ்பேனரைக் கூட்டாதீர்கள்.